முகப்பருவுக்கு எந்த மருந்து? வகையறிந்து தேர்ந்தெடுக்கும் முறை

முகப்பருவுக்கு மருந்து தேடும் பலரும் மருந்தின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். தோழிக்குக் கேட்ட ஜெல், அண்ணனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, விளம்பரத்தில் வந்த சீரம் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பூசிப் பார்த்து, இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்றதும் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். பருவில் பல வகை உண்டு. ஒரு வகைக்குக் கேட்கும் மருந்து மற்றொரு வகைக்குக் கேட்காது. எனவே மருந்துக்கடைக்குப் போவதற்கு முன், தம் முகத்தில் இருப்பது எந்த வகை என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

அதற்குப் பரு எப்படி உண்டாகிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் முடியின் வேர்க்காலோடு ஒட்டியபடி எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாக உள்ளன. வளரிளம் பருவத்தில், ஆண் பெண் இருபாலருக்குமே ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடும்போது இந்தச் சுரப்பிகள் பெருத்து அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. அதே சமயத்தில், வேர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் காட்டும் அழற்சி சிவப்பாகவும் வலியாகவும் சீழாகவும் வெளியே தெரிகிறது. எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி ஆகிய நான்கில் ஒன்றையோ இரண்டையோ மட்டுமே ஒவ்வொரு மருந்தும் தடுக்கிறது என்பதால்தான் மருத்துவர் பெரும்பாலும் ஒரே சீட்டில் இரண்டு ட்யூப் எழுதுகிறார். அழுக்குக்கு இந்த நான்கில் இடமில்லை என்பதையும் கவனிக்கலாம். நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் வறண்டு எரியுமே தவிர, வேர்க்காலுக்குள் இருக்கும் அடைப்பு அசையாது.

கண்ணாடியில் பார்க்க வேண்டியவை

முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும்படி சன்னலோரம் நின்று, கன்னத்தை விரலால் சற்று இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத, தோலின் நிறத்திலேயே இருக்கும், குருணை தூவியது போன்ற பொடி மேடுகள் தெரிந்தால் அவை ஒயிட்ஹெட். அதாவது வாய் மூடிய அடைப்புகள். மூக்கிலும் தாடையிலும் கருநிறத் துளைகளாகத் தெரிபவை வாய் திறந்த அடைப்புகளான பிளாக்ஹெட். அந்தக் கருமை, அடைப்பில் உள்ள மெலனினும் காற்றுப்பட்டு நிறம் மாறிய பொருள்களும் தருவது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. இவை இரண்டும் முதல் வகை.

சிவந்து தொட்டால் வலிக்கும் சிறு பருக்களும், நுனியில் சீழ் கட்டியவையும் இரண்டாம் வகை. தோலுக்கு அடியில் ஆழமாக, உருண்டையாக, விரலால் அழுத்தினால் கடுமையாக வலிக்கும் கட்டிகள் மூன்றாம் வகை. இவை வாரக்கணக்கில் இருந்துவிட்டு, போகும்போது பள்ளத்தை விட்டுச் செல்கின்றன. இத்தகைய கட்டிகள் இரண்டு மூன்று இருந்தாலும், பழைய பருக்கள் இருந்த இடத்தில் பள்ளம் விழத் தொடங்கியிருந்தாலும், கடையில் ட்யூப் வாங்கிச் சோதித்துக் காலத்தைக் கடத்தாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போவதே சரி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் இதற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். வயதானால் தானாகப் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பருவைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. பள்ளத் தழும்பு மட்டும் வயதோடு போவதில்லை.

பருவைப் போலவே தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிப்போடு வரும் பொடி மேடுகள் பெரும்பாலும் மலசேசியா என்ற பூஞ்சையால் வருபவை. வியர்வையும் புழுக்கமும் மிகுந்த கடலோர ஊர்களில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை இதைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும். இதற்குத் தேவைப்படுவது கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து. முடி தொடங்கும் ஓரத்திலும் நெற்றியிலும் மட்டுமே பொடிப் பருக்கள் இருந்தால், தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து துளைகளை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்துத் தூங்கும் பழக்கத்தை விட்டு, எண்ணெய்க் குளியலன்று மட்டும் தேய்த்து உடனே அலசிவிட்டால், சிலருக்கு வேறு மருந்தே தேவைப்படுவதில்லை. பெண்களுக்குத் தாடையோரத்திலும் கழுத்திலும் பரு தொடர்ந்து வந்து, மாதவிடாயும் தள்ளிப்போய், முகத்தில் முடியும் கூடினால் பிசிஓஎஸ் எனப்படும், சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர்களுக்குத் திடீரென்று முதுகெல்லாம் பரு வெடித்தால், உடம்பு ஏற்றுவதற்காக ஊசியோ மாத்திரையோ எடுக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வே புரோட்டீன் பொடியும் சிலருக்குப் பருவைத் தூண்டுகிறது.

எந்த வகைக்கு எது

அடைப்புகள் மட்டுமே இருக்கும் முதல் வகைக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல் சரியான தேர்வு. இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு. செல்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுத்துத் துளையைத் திறந்துவைக்கிறது. அமெரிக்காவில் 2016 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்க அனுமதிக்கப்பட்ட அளவுக்கு இதன் பாதுகாப்பு நிலைநாட்டப்பட்டுள்ளது. ஆனாலும் கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். தோல் மிகவும் எளிதில் எரியும் என்பவர்கள் 2 சதவீதம் வரையிலான சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷிலிருந்து தொடங்கலாம்; பலன் குறைவு, தொந்தரவும் குறைவு. இந்த வகைக்கு ஆன்டிபயாட்டிக் எந்த வடிவிலும் தேவையில்லை.

சிவந்த பருக்களும் சீழ்ப் பருக்களும் சேர்ந்திருந்தால் பென்சாயில் பெராக்சைடு வேண்டும். இது பாக்டீரியாவைக் கொல்கிறது; ஆன்டிபயாட்டிக்கைப் போல் பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதும் இல்லை. கடைகளில் 2.5 சதவீதம், 5 சதவீதம் என்றெல்லாம் கிடைக்கும்போது, கூடுதல் சதவீதம் கூடுதலாக வேலை செய்யும் என்று நினைப்பது இயல்பு. சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் 10 சதவீதத்துக்கு ஏறக்குறைய இணையாகவே வேலை செய்கிறது. எரிச்சல் மட்டும்தான் சதவீதத்தோடு சேர்ந்து ஏறுகிறது. இன்னொரு செய்தி, இது துணியின் சாயத்தை வெளுக்கும். தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருந்தால் வீட்டில் சண்டை இல்லை. அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஒரே ட்யூபும் கிடைக்கிறது. இரண்டாம் வகைக்கு இதுவே பல நாட்டு வழிகாட்டுதல்களில் முன்வரிசையில் இருக்கிறது. அடாபலீனுக்குப் பதிலாக டிரெட்டினாயின் என்ற இன்னொரு ரெட்டினாய்டைப் பூசுகிறவர்கள் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பூசாமல், பெராக்சைடைக் காலையிலும் டிரெட்டினாயினை இரவிலும் வைத்துக்கொள்ள வேண்டும். டிரெட்டினாயினின் பழைய தயாரிப்புகளைப் பெராக்சைடு சிதைத்துவிடும்.

நம் ஊர் மருந்துக்கடையில் பரு என்று சொன்னதும் பெரும்பாலும் கையில் வருவது கிளிண்டாமைசின் 1 சதவீத ஜெல்தான். இது நல்ல மருந்துதான் என்றாலும், தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்று, பிறகு மருந்து கேட்காமல் போகிறது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே இதைப் பயன்படுத்த வேண்டும். பருவோடு கரும்பழுப்புத் தழும்புகளும் அதிகமாக இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அசலேயிக் அமிலம் பொருந்தும். இது மெதுவாக வேலை செய்யும். நிறத்திட்டுகளையும் சேர்த்துக் குறைக்கும்.

முகத்தோடு மார்பிலும் முதுகிலும் சிவந்த பருக்கள் பரவியிருந்தால் பூச்சோடு மாத்திரையும் சேர்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் எழுதப்படுவது டாக்ஸிசைக்ளின். இதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயில் புண்ணாகும். பாலோடும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது கொடுக்கப்படுவதில்லை. மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் இதை நீட்டுவது முறையல்ல. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது நிச்சயமாகத் தவறு.

ஆழமான கட்டிகளுக்கும், மற்றவை கேட்காத பருவுக்கும், தழும்பு விழும் பருவுக்கும் ஐசோட்ரெட்டினாயின். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, மேலே சொன்ன நான்கு காரணங்களையும் ஒருசேரக் குறைக்கும் ஒரே மருந்து. வழக்கமான கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை. மொத்தத்தில் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 6000 முதல் 7500 மில்லிகிராம் ஆகிறது. நாளுக்கு 30 மில்லிகிராம் எடுத்தால் 200 முதல் 250 நாட்கள். பாதியில் நிறுத்தியவர்களுக்குப் பரு திரும்பி வருவதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் மருந்து நன்றாக உட்கிரகிக்கப்படும். உதடு வெடிப்பது அநேகமாக எல்லோருக்கும் நேரும்; கண் வறட்சியும் மூக்கில் இரத்தம் கசிவதும் சிலருக்கு நேரும். ஈரல் செயல்பாட்டையும் இரத்தக் கொழுப்பையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வு தென்பட்டால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளினையும் இதையும் ஒரே காலத்தில் எடுக்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடும்.

இம்மருந்து கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். எனவே கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பின் ஒரு மாதம் வரை கருத்தடையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும். திருமணம் நிச்சயமாகி, முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மருந்தைத் தொடங்கும் பெண்கள் இங்கே பலர் என்பதால், திருமணத் தேதியை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆணோ பெண்ணோ, மருந்து எடுக்கும் காலத்திலும் பின் ஒரு மாதமும் இரத்ததானம் செய்யக் கூடாது. அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த ஐசோட்ரெட்டினாயினை வாங்கிச் சாப்பிடுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

ஹார்மோன் காரணம் உறுதியான பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை, ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை ஆகிய வழிகளும் உண்டு. இவற்றை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றே நாளில் பளிச்சென்று ஆக்கும் ட்யூப்

பரு மருந்துத் தேர்வில் இந்தியாவில் நடக்கும் மிகப் பெரிய கேடு, ஸ்டீராய்டு கலந்த கிரீம். சிவப்பழகு கிரீம் என்றோ, பரு, தேமல், கரும்புள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே கிரீம் என்றோ கைமாறும் ட்யூபை முகத்தில் பூசினால், இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்து முகம் வெளுத்துப் பளிச்சென்று ஆகும். உண்மையான பரு மருந்து எதுவும் இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை என்பதால், இந்த வேகமே எச்சரிக்கை. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்குகிறது. அடைப்பு அப்படியே இருக்கிறது. சில வாரம், சில மாதம் போனதும் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாக இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, கன்னத்தில் முடி வளர்ந்து, முன்பைவிட அதிகமாகப் பரு வெடிக்கிறது. நிறுத்தினால் முகம் தீயாய் எரிவதால் மீண்டும் அதையே பூசுகிறார்கள். இப்படிக் கெட்டுப்போன முகங்களுக்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு நோய்ப்பெயர் வைத்து, தங்கள் சங்கத்தில் தனிக் குழு அமைத்துப் போராட வேண்டியிருந்தது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

ஆகவே ட்யூபின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது பருவுக்கான மருந்து இல்லை. பல பெயர்கள் ‘சோன்’, ‘லோன்’ என்று முடிவதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். தோலின் கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவற்றோடு மூன்றாவதாக இவற்றில் ஒன்றைச் சேர்த்த கிரீம், மங்கு என்னும் வேறொரு சிக்கலுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு மட்டும் எழுதப்படுவது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், ட்யூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூசும் முறை

சரியான மருந்தை வாங்கியும் பலன் இல்லை என்பவர்களில் பலர், பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பவர்கள். இன்று தெரியும் பரு, தோலுக்கடியில் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிய அடைப்பிலிருந்து வந்தது. அடுத்த மாதப் பரு இப்போது கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கிறது. எனவே அடாபலீனைப் பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதை நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளிகளாக வைத்து மெல்லப் பரப்புங்கள். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். கழுவிய உடனே ஈரத்தில் பூசினால் எரியும் என்பதால் முகம் நன்றாக உலர்ந்த பிறகு பூசுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் பூசி, தோல் பழகியபின் தினமும் பூசலாம். உரிதலும் எரிச்சலும் இருந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து என்று வரிசையை மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மருந்துகள் தோலை வறட்டுவதால், அது இல்லாமல் பலர் மூன்றாம் வாரத்திலேயே மருந்தைக் கைவிடுகிறார்கள். மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், மேக்கப் எதுவாயினும் உறையில் ‘நான்-காமெடோஜெனிக்’ (துளைகளை அடைக்காதது) என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். பகலில் சன்ஸ்கிரீன் இரண்டு காரணங்களுக்காகத் தேவை: மருந்து தோலை வெயிலுக்குக் கூசச் செய்கிறது; பரு விட்டுச்சென்ற கருமையை வெயில் மேலும் கருக்குகிறது.

தொடங்கிய சில வாரங்களில் பரு கூடுவதுபோல் தோன்றலாம். பயந்து நிறுத்த வேண்டாம். முகம் வீங்கினாலோ, கண் இமை தடித்தாலோ, கடும் அரிப்பு எடுத்தாலோ அது ஒவ்வாமை. உடனே நிறுத்திவிட வேண்டும்.

எலுமிச்சைச் சாறும், பற்பசையும், சமையல் சோடாவும் முகத்தில் போடத் தகுந்தவை அல்ல. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கருத்துவிடும். உணவில், சர்க்கரை மிகுந்த பானங்கள், மைதாப் பண்டங்கள் போன்று இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றுபவற்றைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது. பாலுக்கும் சிலரிடம் தொடர்பு காணப்படுகிறது. உணவை மாற்றுவது மருந்துக்குத் துணை மட்டுமே.

எப்போது மாற்றுவது

ஒரு மருந்தைக் குறைந்தது 8 வாரம், கூடுமானால் 12 வாரம் ஒழுங்காகப் பூசிய பிறகே கேட்கவில்லை என்று முடிவு செய்யலாம். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. தொடங்கும் நாளிலும் பின் மாதம் ஒருமுறையும் அதே சன்னலோரத்தில், அதே நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் காட்டவும் உதவும். மதிப்பிடும்போது புதிய பருக்கள் வருகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். பழைய பரு இருந்த இடத்துக் கருமை நம் நிறத் தோலில் மாதக்கணக்கில் தங்குவது இயல்பு. அதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். பள்ளத் தழும்புகளுக்கு, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங், லேசர் போன்ற சிகிச்சைகள் உண்டென்றாலும், புதிய பருக்கள் வருவது நின்ற பிறகு அவற்றைத் தொடங்குவதே வழக்கம்.

பரு அடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் ஜெல்லையும் முதலில் நிறுத்திவிட்டு, அடாபலீனை மட்டும் தொடர்ந்து பூசி வந்தால் புதிய அடைப்புகள் உருவாவது தடுக்கப்படும். சில மாதங்கள் அப்படித் தொடர்ந்து, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகளாகக் குறைத்துக்கொள்ளலாம்.